பழைய வண்டிக்குப் புதிய பொறி

பொறி என்னுஞ் சொல் தமிழிற் பல பொருள் குறித்து வழங்குவது. யந்திரமும் பொறி, தீயினின்று தெறிக்கும் துளியும் பொறி, கண், செவி முதலிய புலக்கருவிகளும் பொறி. பெட்ரோலால் ஓடும் மோட்டார் வண்டியில் முன்னைய இரண்டும் ஒருங்கே கூடியுள்ளன; தீப்பொறி தோன்றாவிடின் யந்திரப்பொறி இயங்காது. அவ்வண்டியைப் பழுது பார்ப்பாரிடத்தோ மூன்றாவது பொறியும் வேண்டப்படுகின்றது. கண்ணாற் கண்டும், செவியாற் கேட்டும், விரலால் தொட்டுணர்ந்துமே அவர் தீப்பொறியைச் சீர்செய்கின்றார். அண்மையில் நம் இல்லத்துப் பழைய வண்டி ஒன்றைப் பற்றி எழுந்த வழக்கு இம்மூன்றையும் குறித்து நம்மைச் சிந்திக்கச் செய்தது. அவ்வழக்கினையும், அதன்கண் நாம் கொண்ட கருத்தினையும் கல்லூரி நண்பர் முன் வைத்தலே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு மோட்டார் வண்டியில் என்ன வேலை என்று நகைப்பார் உளராயின், அவர் முடிவுகாறும் பொறுத்தருள்வாராக.

நம் ஊர் பெரியகுளம். வராகநதியின் தென்கரையில் நம் வீடு. கும்பக்கரை செல்லும் வழியில் நம் சிறு மாந்தோப்பு. நம் பாட்டனார் 1994ஆம் ஆண்டில் ஒரு புல்லட் மோட்டார் சைக்கிள் வாங்கினார். தோப்பிற்கும் மண்டிக்கும், உரக்கடைக்கும் உறவினர் வீட்டிற்கும் அன்று தொட்டு அதுவே சென்று வருகின்றது. பாட்டனார்க்கு முதுமை வந்தபின் அது தந்தையார் கைக்கு வந்தது. துணி போர்த்தி வைத்துப் பார்ப்பவர்க்குக் காட்டும் வண்டியன்று அது. நாடோறும் உழைத்துண்ணும் வண்டி.

இரண்டாண்டுகளுக்கு முன், ஐப்பசித் திங்களில் ஒரு மாலை, தந்தையாரும் நாமும் அடுக்கத்தினின்று மலைப்பாதை வழியே இறங்கிக் கொண்டிருந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு வளைவிலே வண்டி இருமுறை இருமி நின்றுவிட்டது. தந்தையார் ஒரு சிறு மூடியைக் கழற்றிக் கைப்பேசி வெளிச்சத்தில் உள்ளே நோக்கினார். பொறியைப் பிறப்பிக்கும் இரு முனைகளும் கருகிக் குழிந்திருந்தன. தீப்பெட்டியின் உரசும் பக்கத்தைக் கிழித்து, அம்முனைகளினிடையே செருகித் தேய்த்தார். பெட்டியோ ஈரம், கையோ நடுக்கம். ஒரு மணி நேரத்திற்கு மேல் அப்பாதையில் இருட்டில் நின்றோம். முடிவில் வண்டி கிளம்பிற்று. மறுநாட் காலையில் தந்தையார், “இனி இந்தப் பாயிண்டே நமக்கு வேண்டாம்” என்றார். “முப்பது வருஷம் ஓட்டுனது யாரு? அந்தப் பாயிண்டுதானே!” என்றார் பாட்டனார். வழக்குத் தொடங்கிற்று.

இவ்வழக்கினை ஆராயுமுன் அப்பாயிண்டு என்பது யாது என விளங்கிக்கொள்ளல் வேண்டும். மின்கலத்தினின்று வரும் 12 வோல்ட் மின்சாரம் காற்றிடைத் தாவிப் பொறியாக வல்லதன்று. அதனை வல்லதாக்குவது காயில் எனப்படும் கம்பிச் சுருள். அதனுள்ளே குறைந்த சுற்றுடைய தடித்த கம்பி ஒன்றும், பல்லாயிரஞ் சுற்றுடைய மெல்லிய கம்பி ஒன்றும் உள்ளன. முதற் கம்பியில் மின்சாரம் பாய்கையிற் காந்தப் புலம் எழும். அம்மின்சாரத்தைத் திடீரென வெட்டினால் புலம் குலையும். குலையும் வேகத்தால் இரண்டாங் கம்பியிற் பதினாயிரம், இருபதினாயிரம் வோல்ட் அளவில் மின்னழுத்தம் பிறந்து, பிளக்கின் முனையிற் பொறியாகத் தாவும். இதன் அடிப்படையாகிய மின்தூண்டலை 1831இல் மைக்கேல் பாரடே கண்டார். அயர்லாந்து தேசத்து மேனூத் கல்லூரியில் ஆசிரியராயிருந்த நிக்கோலஸ் காலன் என்னும் பாதிரியார் 1836இல் தூண்டற்சுருளை ஆக்கினார். அமெரிக்கராகிய சார்லஸ் கெட்டரிங் அதனை மோட்டார் வண்டிக்கு இசைவித்த முறை, 1910ஆம் ஆண்டு மாதிரிக் காடிலாக் வண்டிகளிற் பொருத்தப்பெற்று, பின்னர் உலகெங்கும் பரவிற்று.

மின்சாரத்தை உற்ற தருணத்தில் வெட்டுவதே பாயிண்டின் தொழில். ஒன்றையொன்று தொட்டு நிற்கும் இரு சிறு உலோக முனைகள். அவற்றுள் ஒன்றைச் சுழலும் முண்டு ஒன்று தள்ளித் திறக்கும். திறந்த அக்கணமே பொறி. நம் புல்லட்டில் அம்முனைகள் முழுதுந் திறந்துழி இருக்க வேண்டிய இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். அவ்வளவே! யந்திரம் நிமிடத்திற்கு 3,000 முறை சுழலுங்கால் அவை 1,500 முறை திறந்து மூடும். ஒரு மணி நேரத்தில் 90,000 முறை. ஒவ்வொரு முறையும் சிறு தீ அவற்றைச் சுடும். அத்தீயைத் தணிக்கக் கண்டென்சர் என்னும் துணைக்கருவி ஒன்று அருகே உண்டு. எனினும் நாளடைவில் ஒரு முனையிற் குழியும் மற்றொன்றில் மேடும் விழுகின்றன. முண்டின்மேல் உராயும் நாரட்டைக் குதியும் தேய்கின்றது. அது தேயத் தேய இடைவெளி குறுகுகின்றது. பொறி காலந்தாழ்ந்து பிறக்கின்றது. வண்டி வலியிழந்து பெட்ரோலை மிகுதியாகக் குடிக்கின்றது. நம் பக்கத்துத் தொழிலாளர் இம்முனைகளைப் ‘பிளாட்டினம்’ என்றே வழங்குகின்றனர். தொடக்க காலத்தில் அவை பிளாட்டினத்தால் ஆயின; பிற்காலத்தில் டங்ஸ்டன் அவ்விடத்தைக் கொண்டது. உலோகம் மாறியும் பெயர் மாறவில்லை. சொல்லாராய்ச்சி செய்வார் பட்டறைகளிலும் செவி கொடுத்தல் நன்று.

இனிப் புதிய முறையைப் பார்ப்போம். 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்திலே டிரான்சிஸ்டர் பிறந்தது. அசையும் உறுப்பின்றியே மின்சாரத்தைத் திறந்து மூட வல்லது அது. இந்த ஆற்றல் மோட்டார் வண்டியைச் சேரக் காலஞ் சென்றது. 1973ஆம் ஆண்டு மாதிரி முதல், கிரைஸ்லர் நிறுவனத்தார் அமெரிக்காவில் விற்ற தம் கார்கள் அனைத்திலும் பாயிண்டை நீக்கி மின்னணுப் பொறியை வைத்தனர். இம்முறையிலே முனைகள் இல்லை. சுழலும் தண்டில் ஒரு சிறு காந்தம். அதன் வரவை எட்ட நின்று உணரும் ஓர் உணரி. அவ்வுணரியின் சொற்கேட்டு மின்சாரத்தை வெட்டும் ஒரு பெட்டி. ஒன்றையொன்று தொடுவதில்லை, தொடாதவை தேய்வதில்லை. ஒருமுறை காலத்தைப் பொருத்திவிட்டால் அது பெரும்பாலும் நெடுநாள் அவ்வாறே நிற்கும். சி.டி.ஐ. என்னும் மற்றொரு வகையும் உண்டு. அதிலே சில நூறு வோல்ட் மின்சாரம் ஒரு கொள்கலத்திற் சேர்த்து வைக்கப்பெற்று, வேண்டுந் தருணத்திற் காயிலுக்குள் ஒருசேரக் கொட்டப்படுகின்றது.

நம் நாட்டிலும் மாறுதல் வந்தது. 1955இல் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு நிறுவனத்தாரும் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் கூடி என்பீல்டு இந்தியாவை நிறுவினர். பிறந்த நாட்டிலே மறைந்துபோன புல்லட், திருவொற்றியூரிலே பல்லாண்டு பாயிண்டுடன் பிறந்து வந்தது. இந்நூற்றாண்டிற் பிறந்த புல்லட்டுகள் படிப்படியாக மின்னணுப் பொறியை ஏற்றன. 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகைக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தபின், புதிய வண்டியிற் பாயிண்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே வழக்கு பழைய வண்டிகளைப் பற்றியதே. அவற்றுள்ளும் பெட்ரோல் வண்டிகளுக்கே அது உரியது. கம்பம் பள்ளத்தாக்கினின்று ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளுட் பெரும்பாலன டீசலால் ஓடுவன. இறுகிய காற்றின் வெப்பமே அவ்வெண்ணெயைக் கொளுத்துமாதலின் அவற்றிற்குப் பொறி வேண்டா.

நிற்க. பழைய வண்டிக்குப் புதிய பொறியை வைத்தல் தகுமோ எனின், தகாது என்பார் இரு சாரார்.

முதற் சாரார் பழமை போற்றுவோர். செய்தவன் செய்தபடியே வண்டி இருத்தல் வேண்டும், ஓர் ஆணியும் மாறலாகாது என்பது இவர் கொள்கை. பொருட்காட்சியில் வைப்பதற்குரிய வண்டிக்கு இக்கொள்கை பொருந்தும். அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால், தோப்பினின்று நாள்தோறும் மாங்காய் சுமந்து வரும் வண்டியை நோக்கி இவ்வாறு கூறுதல், உழவன் பழைய ஏற்றத்திலேதான் நீர் இறைக்க வேண்டும் என்று நிழலில் நின்று கூறுதலோடு ஒக்கும். இருளில் மலைப்பாதையில் நிற்பவர் அவரல்லர்.

இரண்டாஞ் சாரார் தொழில் வல்லார். இவர்தம் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. தென்கரையிலே நம் வண்டியை இருபத்தைந்து ஆண்டுகளாகப் பார்த்து வரும் முதியவர் ஒருவர் உளர். தந்தையார் அவரிடஞ் சென்று, “அண்ணே, இதை எலெக்ட்ரானிக்கா மாத்திரலாமா?” என்று வினவினார். அவர் விடையிறுக்கவில்லை; நம்மை நோக்கித் திரும்பி, “பாயிண்டு சாகுறதுக்கு முன்னாடி இருமும், தம்பி. நீ கேட்டுக்கிட்டே இருந்தா முன்னாடியே தெரியும். இந்தப் பெட்டி இருமாது, பொசுக்குன்னு போயிரும்” என்றார். இச்சொல்லில் உண்மை உண்டு. பாயிண்டின் பழுது சிறுகச் சிறுக வருவது. வழியிலேயே, தீப்பெட்டித் துண்டு கொண்டேனும் ஆற்றத்தக்கது. பெட்டியின் பழுதோ பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி வருவது. அதனைத் திறந்து பார்க்கவும் இயலாது. உள்ளுறுப்புகளின் மேல் பிசின் வார்த்து இறுக மூடியுள்ளனர். மாற்றுப்பெட்டி கைவசம் இல்லாதவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரவேண்டியவனே.

மேலும் ஒன்றுண்டு. அதனை அவர் வாய்விட்டுக் கூறவில்லை, நாமே உணர்ந்தோம். சில திங்களுக்கொரு முறை பாயிண்டைத் தேய்த்து இடைவெளி வைத்துத் தருவதாற் கிடைக்குஞ் சிறு கூலி அவர் பிழைப்பின் ஒரு பகுதி. சிகரெட்டுத் தாளின் ஒரு கீற்றை முனைகளின் இடையே வைத்து மெல்ல இழுத்துக்கொண்டே யந்திரத்தைக் கையாற் சுழற்றுவார். தாள் எக்கணத்தில் விடுபடுகின்றதோ அக்கணமே முனை திறக்குங் கணம். அளவுகோல் அவரிடம் உண்டு; அதனை எடுப்பது அருமை. விரல் அறிந்ததை அளவுகோல் கொண்டு சோதித்தால் பெரும்பாலும் ஒத்தேயிருக்கும். இக்கலையைக் கற்க அவரிடம் இப்போது ஒருவரும் வருவதில்லை.

இவ்வளவும் அறிந்த பின்னும், நம் கருத்து யாது எனின், உழைக்கும் வண்டிக்குப் புதிய பொறியே வேண்டும் என்பதாம். அதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, நன்கு சீர்செய்த பாயிண்டிற்கும் மின்னணுப் பொறிக்கும் முதல்நாளிற் பெரிய வேறுபாடு இராது. ஒரு கருவியைப் பூட்டியவுடன் வண்டி பறக்கும் என விற்பார் கூறுவதை நாம் நம்பவேண்டுவதில்லை. வேறுபாடு பின்னாளிலே தோன்றுவது. பாயிண்டு முதல்நாள் இருந்தபடி மறுதிங்கள் இராது, புதியது இருக்கும். பொறி தவறும்போதெல்லாம் எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே காற்றிற் கலக்கின்றது. அதனை உட்கொள்வார் நம் தெருவாரே.

இரண்டாவது, பாயிண்டு தானும் பழைய பாயிண்டாக இல்லை. மைசூரில் ஜாவா, யெஸ்டி வண்டிகளைச் செய்த ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996இல் மூடப்பட்டது. அம்பாசிடர் காரின் உற்பத்தியும் 2014இல் நின்றது. இத்தகைய வண்டிகளுக்கு உறுப்பு வாங்கச் சென்றால் கடையிற் கிடைப்பவற்றுட் போலிகள் பல. முனை மெலிது, குதி மென்மை, சில வாரத்திலே தேய்ந்துவிடுகின்றது. எவ்வளவு தேர்ந்த விரலாயினும் போலி உறுப்பை நெடுநாள் நிறுத்த இயலாது.

மூன்றாவது, கைவல்லார் தொகை குறைந்து வருகின்றது. நம் முதியவரின் மகன் இத்தொழிலை விட்டுத் திருப்பூர் சென்றுவிட்டார். அறிந்தார் இல்லாத ஊரிலே அறிந்தாரை வேண்டும் கருவி, உடையவனுக்குச் சுமையேயாகும்.

ஆயினும் மாற்றுதல் வேறு, அழித்தல் வேறு. இவ்விடத்தே தமிழ் மாணாக்கராகிய நமக்குத் தோன்றுவது ஒன்றுண்டு. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகத் திரிந்து ஏட்டுச் சுவடிகளைத் திரட்டி, ஒப்புநோக்கி, அச்சிற் பதிப்பித்தார். அச்சு வந்தபின் ஏடு எதற்கு என்று அவற்றை எறிந்துவிட்டாரல்லர். அவர் 1942இல் மறைந்தார். மறு ஆண்டிலே தோன்றிய அவர் பெயர்கொண்ட நூல்நிலையம் அச்சுவடிகளை இன்றும் காத்து வருகின்றது. அச்சிற் பிழை என ஐயம் எழுந்தால் ஏட்டை நோக்கலாமன்றோ? புதியதை மேற்கொள்வார் பழையதைப் பேழையில் வைத்துக் காத்தல் அறிவுடைமை என்பதற்கு இதனின் மேம்பட்ட சான்று நாம் அறியோம்.

ஆகவே வண்டியை மாற்றக் கருதுவார்க்கு நாம் கூறுவன சில. பழைய பாயிண்டுத் தட்டையும் கண்டென்சரையும் எறிந்துவிடற்க. தூய்மை செய்து, எண்ணெய் பூசி, துணியிற் சுற்றிக் கருவிப்பெட்டியில் வைத்திடுக. மலைவழியிற் பெட்டி கைவிட்டால் அவை கைகொடுக்கும். அதற்கேற்ப, தட்டினைக் கழற்றி மீண்டும் பூட்டத்தக்க வகையையே தேர்ந்துகொள்க. துளையிட்டும் அறுத்தும் பொருத்துவதை விலக்குக. மின்கலம் 6 வோல்ட்டோ 12 வோல்ட்டோ என்பதையும், பழைய ஆங்கில வண்டியாயின் உடலோடு இணைந்த முனை நேரோ எதிரோ என்பதையும் முன்னரே நோக்குக. முனை மாறிப் பொருத்திய மறுகணமே பெட்டி எரிந்துபோதல் கூடும். காயில் அப்பெட்டிக்கு ஏற்றதா என்றும் பார்க்க. காலத்தை முன்தள்ளும் சிறு எடைகளின் வில் தளர்ந்திருப்பின், புதிய பொறி அக்குறையைத் தீர்க்காது என்பதையும் மறவற்க. இருவழியும் வேண்டுவார்க்கு இடைவழி ஒன்றுளது: பாயிண்டை வைத்துக்கொண்டே, அதன் சுமையை மட்டும் ஒரு டிரான்சிஸ்டர் தாங்கச் செய்யலாம். குதி தேயும், முனை கருகாது.

செய்வோர்க்கும் அரசினர்க்கும் கூறவேண்டுவது ஒன்றுண்டு. 2022ஆம் ஆண்டில் இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறையார், பழுது பார்க்கும் உரிமை குறித்துக் குழு அமைத்து, டிசம்பரில் இணையவாயில் ஒன்றும் திறந்தனர். மோட்டார் வண்டிகளும் அதன்கண் அடங்குவன. இவ்வுரிமை ஏட்டளவில் நில்லாது, பெட்டியின் இணைப்புப் படத்தையும் உள்ளுறுப்புகளையும் சிற்றூர்ப் பட்டறைக்காரரும் பெறும் நிலை வருதல் வேண்டும். கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிக் கழற்றிப் பூட்டியே யந்திரவியலைத் தாமே கற்றார் என்பது நாடறிந்தது. கழற்ற இயலாத பெட்டியிலிருந்து இன்னொரு நாயுடு எங்ஙனம் தோன்றுவார்? நாம் அஞ்சுவது புதிய பொறியையன்று, பூட்டிய பெட்டியையே.

நம் வழக்கு முடிந்தவாறு கூறி அமைவோம். சென்ற ஆண்டு தை மாதத்தில் நம் வண்டிக்கு மின்னணுப் பொறி வைக்கப்பெற்றது. வேறு ஊர்க்கடைக்குச் செல்லாது அம்முதியவரிடமே செல்லவேண்டும் என்று பாட்டனார் பணித்தார். முதியவர் அதற்கு முன் அத்தகைய பெட்டியைப் பூட்டியதில்லை. இணைப்புப் படத்திலிருந்த ஆங்கிலத்தை நாம் படித்துக் கூறினோம். கம்பிகளை அவர் இணைத்தார். வண்டி இரண்டாம் உதையிலே கிளம்பிற்று. ஓடும் ஓசையை நெடுநேரங் கேட்டிருந்து, “நல்லாத்தான் பேசுது” என்றார். பின்னர், கழற்றிய தட்டினைப் பெட்ரோலிற் கழுவி, நம் கையிலே கொடுத்து, “வா, இதை மாட்டக் கத்துக்க” என்றார். அன்று முதல் விடுமுறைதோறும் சிகரெட்டுத் தாளும் கையுமாக அவர்முன் அமர்ந்து கற்கின்றோம். இதுவரை அப்பெட்டி பழுதுறவில்லை. துணியிற் சுற்றிய தட்டும் வெளிவரவில்லை. எனினும் நம் விரல் அறிந்துகொண்டது வீண் என்று நாம் எண்ணவில்லை.

மாணவ நண்பர்காள்! நும் ஊரிலும் இத்தகைய பட்டறையும் இத்தகைய முதியவரும் இருத்தல் கூடும். வண்டியை மாற்றுக, அதன்முன் அவரிடம் ஒரு நாள் அமர்ந்து கேட்டுக் கொள்க. வண்டியின் பொறி மாறலாம். நம் கண்ணும் செவியும் விரலுமாகிய பொறிகள் துருப்பிடித்தல் ஆகாது.